இரண்டாம் பிடி

காப்பித் தம்ளரில் மிதந்தது கூன்வண்டு. பூச்சி என்று பொதுப்படையாகச் சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். பாளையங்கோட்டையில் ஒரு கிளை நூலகத்தில் முப்பத்தோரு வருஷம் அட்டவணை எழுதியவள் அப்படிச் சொல்லக் கூடாது. மூக்கு நீண்டு வளைந்திருந்தால் கூன்வண்டு, மூக்கில்லாமல் தட்டையாக ஓடினால் மாவுவண்டு, இரண்டையும் ஒரே தட்டில் அடுக்க முடியாது. இது மூக்குள்ளது. தம்ளரின் விளிம்பை ஒட்டி ஒட்டி வட்டமாகச் சுற்றியது. மேலிருந்து பார்க்கிற எனக்குத்தான் அது வட்டம், அதற்கு நேர்கோடாக இருந்திருக்கும். கரண்டியால் எடுத்து ஜன்னலில் விட்டுவிட்டுக் காப்பியைக் குடித்தேன். கொட்ட மனம் வரவில்லை. கொட்டுவது என்று தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இருக்கிறது, அந்தக் கேள்விக்கென்றே இந்த மதியத்தை ஒதுக்கியிருக்கிறேன். மணி ஒன்றே முக்கால். மூன்று மணிக்கு என் போனுக்கு ஓர் எண் வரும், ஆறு இலக்கம். அந்த நேரத்தில் தூத்துக்குடியில் ஒரு சேவை மையத்தில் என் தங்கை தபித்தாளும் அவள் கணவர் தங்கையாவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். எண்ணை நான் வாசித்தால் என் ரேஷன் கார்டிலிருந்து தபியின் பெயர் நீங்கும். நீங்கினால்தான் அவர் கார்டில் ஏறும். ஏறினால்தான் காப்பீட்டில் அவளுக்கு ஆபரேஷன் நடக்கும். கர்ப்பப்பையில் கட்டி. "அவசரம்லாம் ஒண்ணுமில்லக்கா, ஆனா ரொம்பத் தள்ளவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லுதாங்க," என்றாள் காலையில், ஏதோ துணி தைக்கக் கொடுத்த மாதிரி. "இந்தத் தடவ சொல்லிரு, என்ன. போன ரெண்டு தடவையும் வரலன்னுட்ட." வந்தால்தானே சொல்வேன் என்றேன். "வந்தா சொல்லு. ஞாயித்துக்கிழம ரெண்டு பேருமா அங்க வாரோம்." இரண்டு தடவையும் வந்தது. வந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பத்து நிமிஷத்தில் அது செல்லாமல் போயிற்று. எண்கள் எனக்கு இப்போதும் மனப்பாடம். தொழில் நோய்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவள் செருப்பைக் கழற்றியதும் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். சிலர் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கண்ணாடியைத் தேடுவார்கள், தபி அடுக்களை அலமாரியைத் திறப்பாள். திறந்தால் பதினான்கு மாதம் அவள் மேல் சரியும். அவள் கல்யாணம் முடிந்து பதினான்கு மாதம், ஐம்பத்தேழு வயதில் முதல் கல்யாணம், மாப்பிள்ளைக்கு இரண்டாவது. எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நான்தான் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். துணைக்கு வந்தவளுக்கும் சும்மா பார்த்துவிடலாம் என்று சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் தங்கையா, அவருக்கும் மருந்து. இருவரும் கண்ணை மூடிக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் உள்ளே எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தேன், கடைசி வரிவரைக்கும் பிழையில்லாமல் வாசித்தேன், அந்தப் பெருமை வேறு. வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், கனமானவற்றை அலுங்காமல் தூக்கி வேறிடத்தில் வைக்கத் தெரிந்தவர். என்னைவிட மூன்று வயது மூத்தவர் என்னை மதினி என்கிறார், முறைப்படி சரிதான், முறைப்படி சரியாக இருப்பதில்தான் எனக்கு எரிச்சல்.

அலமாரியைத் திறந்தேன். உணவுக்கு நூலக வகைப்பாட்டில் 641, கழிவுக்கு 628. சோறு குப்பையாவதற்கு இடையில் பதின்மூன்று எண்கள்தான் என்று நூலகத்துக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சொல்வேன், யாரும் சிரித்ததில்லை. மேல் தட்டில் பாமாயில், பதினோரு பொட்டலம். அடுத்து துவரம்பருப்பு. அதற்கடுத்து கோதுமை, சீனி, உப்பு. கீழே அரிசி மூட்டையும் பிடியரிசி டின்னும். மூலையில் மக்ரூன் டப்பா, அதை அப்புறம் பார்க்கலாம். ரேஷனில் ஒரு மாதம் வாங்காவிட்டால் கார்டு செத்துவிடும் என்று இந்தத் தெருவில் எல்லோரும் நம்புகிறார்கள். அப்படி எந்த ஆணையும் கிடையாது, நான் தேடிப் பார்த்திருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டும் மாதாமாதம் போய் நின்றேன், இரண்டு பேருக்கான அரிசி, இரண்டு பேருக்கான சீனி. நூலக அட்டைகளைத் தள்ளித் தள்ளி என் விரல் ரேகை தேய்ந்துவிட்டது, கடையிலிருக்கும் ரேகைக் கருவி லேசில் பிடிக்காது. கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார்: "கார்டுல இன்னொரு அம்மா இருக்காங்கல்லா, அவங்களக் கூட்டிட்டு வாங்களேன்." ஒரு மாதம் தங்கச்சிக்குக் காய்ச்சல் என்றேன். ஒரு மாதம் ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். ஒரு மாதம் குளித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன், அதைச் சொன்னபோது எனக்கே வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, சீக்கிரம் போனால் வாசலில் ஈரத் தலையோடு நிற்பாள் என்று வேகமாக நடந்தேன். கதவு பூட்டியிருந்தது. பூட்டியவள் நான்தான். அவள் பொரிப்பாள், வடை, அப்பளம், மரவள்ளி வற்றல். நான் பொரிப்பதில்லை. ஆகவே எண்ணெய் சேர்ந்தது. சேர்ந்ததற்கு இது காரணமே ஒழிய வாங்கியதற்குக் காரணம் இல்லை, அந்த இரண்டையும் கலக்கக் கூடாது.

சீனிக்கும் உப்புக்கும் கெடு கிடையாது, அவை இருக்கட்டும். மற்றதெல்லாம் போக வேண்டும், ஆனால் முறையாகப் போக வேண்டும். நூலகத்தில் ஒரு புத்தகத்தைக் கழிப்பதென்றால் தலைப்புப் பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை குத்துவோம், பதிவேட்டில் சிவப்புக் கோடு போடுவோம், அந்த எண்ணை வேறு புத்தகத்துக்கு ஒருபோதும் கொடுக்கமாட்டோம். உணவுக்கு அந்த மரியாதைகூட இல்லை. பருப்பைக் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று எதிர்வீட்டில் சொல்வார்கள். நமக்கு ஆகாததை இல்லாதவருக்குக் கொடுப்பதற்குத் தர்மம் என்று பெயர் வைத்தது யாரோ. பொட்டலத்தோடு குப்பையில் போட்டால் யாராவது எடுத்துத் தேதியைத் துடைத்து விற்பார்கள், ஆகவே வெட்டித்தான் போட வேண்டும். எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினால் அது தெருமுனைவரைக்கும் போய் உறையும். முனைப் பஜ்ஜிக் கடைக்காரர் கேட்டால் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார், அந்தச் சந்தோஷம்தான் பயம். இப்படி ஒவ்வொன்றுக்கும் யோசித்து யோசித்து மூன்று மாதமாகப் பேப்பரில் எழுதி வைத்திருக்கிறேன். யோசனை முடிந்தால் கழிக்க வேண்டிவரும் என்பதால் யோசனை முடியவில்லை. அதையும் எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் ஒரு வண்டுகூடச் சாவதில்லை.

மணி இரண்டேகால். அரிசி மூட்டையின் வாயைப் பிரித்ததும் ஒரு சூடு வந்தது. வண்டு விழுந்த அரிசி உள்ளுக்குள் சுடும், கையை விட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. கட்டியும் இப்படித்தான் இருக்குமோ. சுடாது. கட்டி சுடாது என்று நினைக்கிறேன், 618-ல், பெண் மருத்துவத்தில், தேடினால் இருக்கும், தேடமாட்டேன். பிடியரிசி டின்னைத் திறந்தேன். அம்மா வைத்த பழக்கம்: உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒவ்வொருத்தியும் ஒரு பிடி எடுத்து டின்னில் போட வேண்டும், மாதக் கடைசியில் சபைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆண்டவருக்கான பிடி. தபி கைப்பிடி பெரிது, நான் கஞ்சம் என்று சிரிப்பாள். "உன் பிடியில ஆண்டவரு கஞ்சிதான்க்கா குடிப்பாரு." அவள் போன பிறகும் இரண்டு பிடி எடுத்தேன். ஒன்று என் பிடி, இன்னொன்று விரலை அகட்டி அவள் பிடி. ஒரு ஆளுக்கு அளந்த அரிசியில் இரண்டு பிடி போனால் உலையில் என்ன இருக்கும், பாதி நாள் ராத்திரி பசித்தது, அந்தப் பசிகூட ஒரு துணை மாதிரி இருந்தது. டின்னைச் சபைக்குக் கொண்டுபோகவில்லை. கொண்டுபோனால் பெண்கள் சங்கத்து ஆட்கள் தபி எப்படி இருக்கிறாள், ஏதும் விசேஷமா என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஐம்பத்தெட்டு வயதில் என்ன விசேஷம். கட்டிதான். ஆக, ஆண்டவர் அரிசியிலும் வண்டு. காணிக்கைக்கு எடுத்து வைத்ததைக் கோழிக்குப் போடலாமா என்று எந்தச் சபை ஒழுங்குப் புத்தகத்திலும் இல்லை. ஆண்டவர் கோழிகளையும் அறிவார் என்று தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

தெருக்கோடியில் மீராள் கோழி வளர்க்கிறாள். மூட்டையை இழுத்துக்கொண்டு போனேன், மேலே டின்னும், பருப்பும், கோதுமையும், மக்ரூன் டப்பாவும். டப்பா தங்கையா கொடுத்தது. கல்யாணம் முடிந்து முதல் தடவை வந்தபோது இரண்டு கையாலும் நீட்டினார். திறக்கவே இல்லை. கெடு எட்டு மாதத்துக்கு முன்னால் முடிந்திருந்தது. "வாங்க டீச்சர்," என்றாள் மீராள். நான் டீச்சர் இல்லை, நூலகர் என்று பதினோரு வருஷமாகத் திருத்துகிறேன். "ஆமா டீச்சர், மறந்துட்டேன். என்னது, பூச்சி வச்ச அரிசியா? கொண்டாங்க, கொண்டாங்க, இதுவளுக்கு அதாம் பிரியாணி. சோத்துல கறி கெடந்தா யாரு வேண்டாம்பா?" அள்ளி வீசினாள். கோழிகள் ஓடி வந்து அரிசியை விட்டுவிட்டு வண்டுகளை முதலில் பொறுக்கின. மூக்குள்ளது, மூக்கில்லாதது என்று பேதம் பார்க்கவில்லை. மீராள் மூட்டையின் ஆழத்தைக் கையால் பார்த்தாள். "ஒத்த ஆளுக்கா இம்புட்டு அரிசி வாங்குனிய?" ஒற்றை என்ற சொல்லைப் பதினான்கு மாதத்தில் என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, ஓய்வு பெற்றவர், மூத்தவர், தனியாக இருப்பவர் என்று சுற்றி வளைத்துத்தான் சொன்னார்கள். அதை யோசித்துக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை, அவள் டப்பாவைத் திறந்து ஒரு மக்ரூனை வாயில் போட்டுவிட்டாள். "ஏ, துப்பு, துப்பு, அது கெட்டுப்போனது!" "நல்லாத்தான இருக்கு." "எட்டு மாசம் ஆச்சு!" "எனக்கு அம்பத்தி நாலு வருசம் ஆச்சு, நான் நல்லால்லையா?" இன்னொன்றை எடுத்தாள். என்னால் தடுக்க முடியவில்லை. கெட்டதென்றால் ஒருத்திக்கு மட்டும் கெடக் கூடாது, அது நியாயம் இல்லை, நானும் ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நாக்கில் வைத்ததும் உடைந்தது, முந்திரியும் சீனியும், காறல் கொஞ்சம்தான் இருந்தது. நன்றாக இருந்தது. மற்றதைக் கோழிக்குப் போடு என்றேன். பிறகுதான் நினைவு வந்தது, மக்ரூன் முட்டை வெள்ளைக் கருவில் செய்வது, அதைக் கோழிக்கே போடுவதா என்று கேட்டேன். மீராள் வெகுநேரம் சிரித்தாள். "போங்க டீச்சர், ஒங்களுக்கு வீட்டுல பேச ஆளில்ல, அதாம்." எண்ணெய் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

திரும்பி வந்தபோது இரண்டே முக்கால். பதினோரு பொட்டலத்தையும் தரையில் வரிசையாக அடுக்கினேன், தேதி வாரியாக, பழையது இடப்பக்கம். பழைய செய்தித்தாள்களைக் கிழித்துப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு எண்ணெயைக் குடிக்க வைத்தால் சிந்தாமல் குப்பை வண்டியில் கொடுத்துவிடலாம், பேப்பரில் எழுதி வைத்த முடிவு அதுதான். எண்ணெய் குடித்த செய்தித்தாள் மட்கும் குப்பையா மட்காத குப்பையா என்பதை மட்டும் காலையில் வண்டிக்காரப் பெண்ணிடம் கேட்க வேண்டும். முதல் பொட்டலத்தை வெட்டினேன். அவள் போன மாதத்தது. காறிய வாடை, பழைய பெயின்ட் மாதிரி. எண்ணெய் மெதுவாக இறங்கியது, தேர்தல் செய்தி கறுத்தது, ஒரு மணமகன் தேவை கறுத்தது. இரண்டாவது. மூன்றாவதில் கத்தரி வழுக்கியது. வருஷக் கடைசியில் நூலகத்தில் கணக்கெடுப்பு நடக்கும், உதவியாளர் கிடையாது, தபிதான் வருவாள், தன் தையல் வேலையை அன்றைக்கு ஒதுக்கிவிட்டு. நான் மேசையில் பதிவேட்டை வைத்துக்கொண்டு எண்ணை உரக்கச் சொல்வேன், அவள் அலமாரிகளுக்குள் எங்கேயோ நின்று புத்தகத்தைத் தொட்டுப் பார்த்து "உண்டு" என்பாள். காணாவிட்டால் "இல்ல." நாள் முழுக்க வேறு பேச்சே கிடையாது. எண், உண்டு, எண், உண்டு. சில சமயம் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் நிற்பாள், தபி, தபி என்று நான் கூப்பிட வேண்டும், மூன்றாவது தடவைக்கு "உண்டு, உண்டு, எங்க போயிரப் போறேன்" என்று குரல் வரும். ஆறாவது பொட்டலம். ஏழாவதில் உள்ளங்கை, மணிக்கட்டு, முழங்கைவரைக்கும் எண்ணெய். இந்த நேரத்தில் யாராவது பார்த்தால் கொலை செய்துவிட்டுத் தடயம் அழிக்கிறாள் என்பார்கள். கொலை இல்லை, ஆனால் தடயம்தான். அவள் ஆபரேஷன் தேதி தள்ளிப்போனதற்குத் தடயம். ரொம்பத் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னது எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை. முதல் எண் வந்தது ஆறு மாதத்துக்கு முன்னால், அப்போதே வலி இருந்திருக்கிறது, அப்போதே சொல்லியிருக்கலாமே, சொன்னாள், "லேசா வலிக்குக்கா" என்றாள், தூத்துக்குடித் தண்ணீர் சேராது என்றேன் நான். போன் சிணுங்கியது. திரையில் செய்தி வந்து, முதல் இரண்டு இலக்கம் தெரிவதற்குள் அணைந்தது. கையைப் புடவையில் துடைத்துவிட்டு விரலை வைத்தேன், திறக்கவில்லை. எண்ணெய்க் கை. மறுபடி வைத்தேன். தேய்ந்த ரேகை, அதன் மேல் பாமாயில். சீயக்காய்ப் பொடியைத் தேய்த்தேன், சோப்பைத் தேய்த்தேன், கடவு எண்ணைப் போடலாம் என்றால் எல்லா எண்ணும் நினைவில் இருக்கிற எனக்கு அது மட்டும் வரவில்லை, நான் பிறந்த வருஷமா, வேலையில் சேர்ந்த வருஷமா. மூன்று தடவை தப்பாகப் போட்டேன், கொஞ்சம் பொறுக்கச் சொன்னது போன். போன் அடித்தது. அதற்கு மட்டும் விரல் வேலை செய்தது.

"யக்கா, வந்துச்சா?"

"வந்திருக்கு, ஏட்டி. தொறக்க மாட்டேங்குது. கையெல்லாம் எண்ணெ."

அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம். பிறகு தபி, மெதுவாக: "சரி, விடுக்கா. ஆஸ்பத்திரியில வேற வழி இருக்கான்னு இவுகளக் கேக்கச் சொல்லுதேன்." எரிச்சலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நூலகத்தில் புத்தகத்தைத் தொலைத்தவர்களிடம் நான் பேசிய குரல் அது. தங்கையாவின் குரல் கேட்டது, "மதினியத் தொந்தரவு பண்ணாத, வா, போவோம்." நாற்காலி நகர்ந்தது.

"ஏட்டி, வச்சிராத! நெசமாவே எண்ணெ. மூணு தடவ தப்பா அமுக்கிட்டேன். செத்த பொறு, வச்சிராத."

நாற்காலி நின்றது. "யக்கா," என்றாள் தபி. "நீ பொய் சொல்லுறப்பம்லாம் புஸ்தகம் மாதிரி பேசுவ. போன தடவ என்ன சொன்ன தெரியுமா? 'எண் இன்னும் வரப்பெறவில்லை'ன்ன. இவுககிட்டகூடச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன்." சிரித்ததாகச் சொன்னாள், குரலில் சிரிப்பு இல்லை. "இன்னைக்கு நெசம்தான் சொல்லுத. ஆனா எதுக்கு எண்ணெ? நீதான் பொரிக்கவே மாட்டியே."

ஏழு காலிப் பொட்டலங்கள், நான்கு மிச்சம். "ஒன் பங்கு, ஏட்டி," என்றேன். "மாசாமாசம் வாங்குனேன். அரிசி, எண்ணெ, எல்லாம். எல்லாம் கெட்டுப்போச்சு. ரெண்டு தடவையும் நம்பரு வந்துச்சு."

வாளியில் எண்ணெய் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள் கடைசியில். "ஒவ்வொரு மாசமும் பொருள் வாங்கியாச்சுன்னு எம் போனுக்கும் மெசேஜ் வரும்லா. நம்ம அக்கா வாங்கித் திங்கா, நல்லாருக்கட்டும்னு நெனச்சேன்." மூக்கை உறிஞ்சினாள். "திங்கவுமில்லையா?"

"மக்ரூன் தின்னேன். இன்னைக்கு."

"அது எப்பம் குடுத்தது! இவுகளே, கேட்டியளா, அக்கா மக்ரூன் தின்னாளாம்." அப்புறம் என்னிடம்: "இன்னொரு நம்பர் அனுப்பச் சொல்லுதேன். அம்மா பொறந்த வருசம், கடவு நம்பரு. நாந்தான போட்டுக் குடுத்தேன்."

நாற்காலியில் உட்கார்ந்து போட்டேன், அம்மா பிறந்த வருஷம். திறந்தது. செய்தி வந்தது, ஆறு இலக்கம், கீழே பத்து நிமிஷம் என்று கெடு. முன்பு இரண்டு தடவை இதே வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் இதே நாற்காலியில்தான் இருந்தாள், அவள் இப்போதும் என்னோடு உட்கார்ந்திருக்கிறாள், நகர்ந்துகொள் என்றேன் அவளை. ஒரு தடவை பார்த்ததும் எண் மனப்பாடம், போனை எண்ணெய்க் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கணக்கெடுப்பில் சொல்வதுபோல் உரக்கச் சொன்னேன். நான்கு. அவள் திருப்பிச் சொன்னாள், தங்கையா அதைத் திருப்பிச் சொன்னார், யாரோ அமுக்கினார்கள். ஒன்பது. பூஜ்யம். பூஜ்யம். ஏழு. அதற்கப்புறம் ஒன்றுதான் மிச்சம். பதிவேட்டில் சிவப்புக் கோடு போடும்போது எண் மறையாத மாதிரிப் போட வேண்டும், அடியில் என்ன இருந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும், அதுதான் விதி.

"ரெண்டு," என்றேன்.

யாரும் திருப்பிச் சொல்லவில்லை. தபி, என்றேன். தபி.

"உண்டு," என்றாள்.